பதினொரு போத்தல் விளக்கு

15.02.1993 திங்கள்

பெற்றோலுக்குத் தடை என்பதால், இரண்டு மோட்டார் சைக்கிளை இன்று மண்ணெண்ணெய்க்கு மாற்றிக் கொடுத்தேன். கண்ணுக்கு மருந்து விடும் சின்னப் போத்தலில் பெற்றோல் எடுத்து, நாலு சொட்டு விட்டு உதைத்தால் எஞ்சின் பிடிக்கும். சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடும். பிறகு அது போகிற ஒழுங்கையெல்லாம் வெள்ளைப் புகை. கொக்குவில் முழுக்க இப்போது என் கைவண்ணம்தான் மணக்கிறது. மின்சார இலாகாவில் பதினெட்டு வருடம் லைன்மனாக இருந்தவனுக்கு வந்த சீவியத்தைப் பார்.

சண்டையோடு கரண்ட் போய் இரண்டு வருடம் எட்டு மாதம்.

ஆறரைக்கு லட்சுமியின் வகுப்பு. பல்கலைக்கழகம் போக எழுதுகிற ஏ.எல். கணிதம். பதினொரு பிள்ளைகள், ஆளுக்கொரு ஜாம் போத்தல் விளக்கு. அடியில் பஞ்சு, இரண்டு விரல் மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் திரி. ஆமியின் ஹெலிகொப்டருக்குத் தெரியக்கூடாதென்று யன்னலெல்லாம் சாக்கும் கறுப்புத் துணியும். உள்ளே பதினொரு திரியின் புகையும் வெளியே போக வழியில்லாமல் நிற்கும். அதற்குள் நின்று என் மனைவி இரண்டு மணித்தியாலம் கதைக்கிறாள்.

வகுப்புத் தொடங்கியதிலிருந்து அவள் பாயில் சாயும்வரை எண்ணினேன். நாற்பத்தொரு இருமல்.

16.02.1993 செவ்வாய்

எண்ணியதை அவளிடம் சொன்னேன். "வேறை வேலை இல்லையே உங்களுக்கு?" என்றாள். சொல்லிவிட்டு இருமினாள். அதையும் சேர்த்தேன்.

01.03.1993 திங்கள்

விடியற்காலை அவளுக்கு மூச்சு இழுத்தது. கதிரையைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள், பேச முடியவில்லை. சைக்கிள் பாரில் இருத்தி மானிப்பாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் மார்கிரட் ஊசி போட்டார்.

"ரீச்சர், உங்களுக்குத் தொய்வு, ஆஸ்மா. நான் ஊசி போட்டு அனுப்பலாம். நீங்கள் திரும்பவும் போய்ப் புகைக்குள்ளை நிண்டால் நான் என்ன செய்யிறது? எத்தினை ஊசி என்னட்டை இருக்கெண்டு உங்களுக்குத் தெரியுமே?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன வேலை?" சொன்னேன். "மண்ணெண்ணெய் மணக்கிற அந்தச் சேட்டோடை வீட்டுக்குள்ளை போகாதேங்கோ."

வரும்வழியில் வாயை மூடிக்கொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு வந்ததும் முடியவில்லை. வகுப்பை நிப்பாட்டும் என்றேன். ஓகஸ்ட் மாதம் பரீட்சை, அது முடிய நிப்பாட்டுறன் என்றாள். அதற்கு முந்தி நீர் முடிஞ்சு போவீர் எண்டு கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. ஆனால் பொய்யே அது?

பகலில் வைக்கலாம்தானே என்றும் கேட்டுப் பார்த்தேன். பகலில் அவளுக்குப் பள்ளிக்கூடம். பிள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம், அது விட்டால் தோட்டம், தண்ணீர் இறைப்பு, மண்ணெண்ணெய்க் கியூ. ஆறரைக்குத்தான் அதுகளுக்கு ஒரு கொப்பியை விரிக்க நேரம்.

"இந்த வருசம் விட்டால் அதுகளுக்கு அடுத்த வருசம் எண்டு ஒண்டு வருமோ, ஆர் கண்டது?" என்றாள்.

12.03.1993 வெள்ளி

தேங்காய் எண்ணெய் விளக்கு வைத்தேன். புகை குறைவு. ஆனால் பதினொரு பேருக்கும் கொப்பி தெரியவேண்டுமென்றால் கார்த்திகை விளக்கீடுபோல ஏற்றவேண்டும். எண்ணெய்க்கு எங்கே போவது? இரண்டு நாளில் கைவிட்டோம்.

19.03.1993 வெள்ளி

சைக்கிள் டைனமோ. சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, முறை வைத்து ஒரு பிள்ளை மிதிக்க, மற்றப் பத்துப் பேரும் எழுதுகிறார்கள். சுத்தமான வெளிச்சம், ஒரு பொட்டுப் புகையில்லை. எனக்கு ஒரே புளுகம், சந்தோசம் தாங்கவில்லை.

அரை மணித்தியாலம் போகவில்லை. கணக்கு இறுகினால் மிதிக்கிற பிள்ளையும் யோசிக்கத் தொடங்கிவிடுகிறது. கால் நின்றுவிடும், வெளிச்சமும் போய்விடும். "டேய் உழக்கடா!" என்று மற்றதுகள் கத்துகின்றன. தம்பிராசாவின் மகள் பாலேஸ்வரி மாத்திரம் மிதித்துக்கொண்டே வாயால் கணக்கைச் செய்தாள். கெட்டிக்காரி. ஆனால் வாயால் செய்ததை யார் திருத்துவது?

திரும்பவும் போத்தல் விளக்கு. இருமல் ஐம்பத்தாறு.

28.03.1993 ஞாயிறு

ஒழுங்கை முழுக்கக் கரண்ட் போஸ்ற் நிற்கிறது, வயர் இல்லை. அறுந்து விழுந்ததை அறுத்தெடுத்து எல்லா வீட்டிலும் உடுப்புக் காயப்போடக் கொடி கட்டியிருக்கிறார்கள். பின்வீட்டுக் கொடியில் தொங்குவது நான் போஸ்றில் ஏறி இழுத்த வயர். முடிச்சைப் பார்த்தாலே தெரியும்.

மலைநாட்டில் விழுகிற தண்ணீரில் பிறந்த கரண்ட் அந்த வயரில்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒருவருக்கும் இருமல் வரவில்லை. இப்போது தெற்கில் பல்ப் எரிகிறது, இங்கே திரி எரிகிறது. ஒரே நாடாம். அரசாங்கம் மண்ணெண்ணெயையும் தடை செய்துவிட்டது, கிடைக்கிற கொஞ்சத்தையும் எஞ்சினுக்குள் விட்டுப் புகைக்கிறோம். புகைக்கிறது யார்? நான்தான். நான்தானே மாற்றிக் கொடுக்கிறேன்.

03.04.1993 சனி

பக்கத்து வீட்டில் அடைக்கலநாதன் அண்ணை. குருநகர்க் கடற்றொழிலாளி. கடலுக்குப் போகத் தடை வந்தபிறகு குடும்பத்தோடு வந்து, இலண்டன்காரரின் பூட்டிய வீட்டைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். வேலியருகில் நின்று, "தங்கச்சி இருமுறது எங்கடை வீட்டுக்குக் கேக்குது" என்றார். வெளிச்சத்துக்கு நான் படுகிற பாட்டைச் சொன்னேன்.

"கரண்டைக் காத்திலை எடன்" என்றார்.

"காத்து எங்கை அண்ணை? இலைகூட ஆடேல்லை."

"இப்ப ஆடாது. சித்திரை கழியட்டும், தென்மேல் காத்து, சோளகம் எழும்பும். எழும்பினா ஆவணி தாண்டியும் விடாது. காத்தை எனக்குத் தெரியும், கரண்டை உனக்குத் தெரியும். பேந்தென்ன?"

அந்த வீட்டு ஷெட்டில் ஒரு ஒஸ்ரின் கார் தூசு பிடித்துக் கிடக்கிறது. டைனமோ அப்படியே இருக்கிறது. பற்றறி செத்ததுபோலத்தான், ஆனால் முழுக்கச் சாகவில்லை. இலண்டன்காரர் வந்து கேட்டால் தான் சொல்லிக்கொள்வதாக அண்ணை சொன்னார்.

25.04.1993 ஞாயிறு

அண்ணை வேம்புப் பலகையில் மூன்று இறகு செதுக்கிவிட்டார். ஒவ்வொன்றையும் கையில் தூக்கிப் பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு, காற்று எப்படிப் பிடிக்கிறதென்று பார்க்கிறார். நான் சைக்கிள் பல்லுச்சக்கரமும் செயினும் வைத்து டைனமோ வேகமாகச் சுழல வழி செய்தேன்.

எங்கே ஏற்றுவது? பின்வளவில் ஷெல் பட்டுத் தலை போன பனை நிற்கிறது. அதுதான் போஸ்ற்.

09.05.1993 ஞாயிறு

மூன்று வருடத்துக்குப் பிறகு, போஸ்றில் ஏறக் கட்டுகிற இடுப்புப் பட்டியைக் கட்டினேன். ஓட்டை ஒன்று உள்ளுக்குத் தள்ளிப் போடவேண்டியிருந்தது. பனையில் பாதி ஏறியதும் கால் நடுங்கியது. கீழே லட்சுமி, "இறங்குங்கோ, இறங்குங்கோ" என்று கத்துகிறாள். கத்தி முடிய இருமல். அந்த இருமலைக் கேட்டுக்கொண்டே மிச்சத்தையும் ஏறிவிட்டேன்.

பூட்டியாயிற்று. இனிக் காற்று வரவேண்டும்.

22.05.1993 சனி

சோளகம்! விடிய எழும்பினால் வாழையிலையெல்லாம் கிழிந்து நிற்கிறது. இறகு சுற்றுகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கிறது. அடைக்கலம் அண்ணை வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "எப்பிடி?" என்று ஒரு சிரிப்பு.

பத்து மணிக்கு இயக்கப் பெடியள் இரண்டு பேர் சைக்கிளில் வந்தார்கள். "ஐயா, உதென்ன மேலை?" கழற்றச் சொன்னால்? எல்லாம் விளங்கப்படுத்தினேன். ஒருவன் அண்ணாந்து கனநேரம் பார்த்தான். "வெளியிலை வெளிச்சம் தெரிஞ்சா உங்களுக்குத்தான் ஆபத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

20.06.1993 ஞாயிறு

பற்றறி கொஞ்சம் கொஞ்சமாக உயிர் பிடித்திருக்கிறது. புது வயருக்கு வழியில்லை, வீட்டு வயரிங்கையே பாவிக்கிறேன். எரிந்துபோன பல்ப்புகளின் பித்தளைத் தொப்பியைக் கழற்றி, கார் சிக்னல் பல்ப்பை அதில் ஒட்டினேன். நாலு செய்தேன், ஹோலுக்கு மூன்று, மேலதிகமாக ஒன்று. ஒவ்வொன்றையும் முன்விறாந்தைப் பல்ப் கூட்டில் போட்டுப் பார்த்தேன், அதுதான் கைக்கு எட்டும். நாலும் எரிந்தன. மத்தியான வெயிலில் மஞ்சளாக ஒரு பொட்டு.

வியாழக்கிழமை வகுப்புக்கு ஏற்றுகிறேன். லட்சுமிக்கு இன்னும் நம்பிக்கையில்லை. இருமல் அறுபத்திரண்டு. இப்போது மாடிப்படியில்லாத வீட்டிலேயே மூச்சு வாங்குகிறாள்.

24.06.1993 வியாழன்

எழுதத்தான் வேண்டும்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முந்தி. பிள்ளைகள் ஹோலுக்குள். சாக்கு, துணி எல்லாம் நானே சரி பார்த்தேன். பின்பக்கம் போய்ப் பற்றறியில் வயரைக் கொழுவினேன். உள்ளே "ஆ!" என்று பதினொரு பேரும் கத்தினார்கள். லட்சுமி சிரித்த சத்தம் கேட்டது. அவள் சிரித்து எவ்வளவு காலம்! நான் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்தேன்.

அப்போதுதான் ஹெலி. பலாலி ஆமி முகாம் பக்கமிருந்து. நான் பயப்படவில்லை, மூடித்தானே இருக்கிறது? ஒழுங்கையிலிருந்து அடைக்கலம் அண்ணை என் பெயரைச் சொல்லிக் கத்திக் குழறினார்: "சீவரத்தினம்! முன்விறாந்தை! முன்விறாந்தையிலை எரியுதடா!"

உடனே வயரை இழுத்தேன். பிந்திவிட்டது. மேலேயிருந்து சட சடவென்று சுட்டான். ஓடு உடைந்து கொட்டியது. பிள்ளைகளை வளவில் வெட்டிய பங்கருக்குள் தள்ளினோம். லட்சுமி கடைசியாக இறங்கினாள், எண்ணி எண்ணி இறக்கினாள்.

பாலேஸ்வரியின் வலது கையில் ஓடு விழுந்துவிட்டது. இரண்டு விரல் முறிந்துவிட்டது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பங்கர் வாசலில் நின்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்து, "ஆர் உந்தச் சுவிச்சைப் போட்டது? ஆரடா?" என்று கத்தினேன். கையைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையைப் பார்த்தும் கத்தினேன்.

25.06.1993 வெள்ளி

ஒருவரும் போடவில்லை. நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலாவது பல்ப்பை முன்விறாந்தையில் போட்டுப் பார்த்துவிட்டு, பற்றறி வயரை இழுத்துவிட்டேன். வெளிச்சம் போய்விட்டது, நானும் என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். பல்ப்பைக் கழற்றவில்லை. சுவிச்சை ஓஃப் பண்ணவில்லை. மூன்று வருடமாக இந்த வீட்டில் சுவிச் என்பது சுவரில் இருக்கிற ஒரு பொத்தான், அவ்வளவுதான். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அறை, குசினி, கிணற்றடி, எல்லாச் சுவிச்சும் ஓனில் கிடக்கிறது. கரண்ட் போன அன்று எப்படி இருந்ததோ அப்படியே. பல்ப் இருந்திருந்தால் வீடே எரிந்திருக்கும்.

ஊருக்கெல்லாம் "சுவிச்சை நிப்பாட்டிப்போட்டுக் கை வையுங்கோ" என்று சொல்லித் திரிந்தவன் நான்.

மானிப்பாயில் பாலேஸ்வரியின் கைக்கு மாக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். தம்பிராசா வாசலில் நின்றார். என்னைப் பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பினார். பரீட்சைக்கு ஆறு கிழமை.

28.06.1993 திங்கள்

வகுப்புக்கு நாலு பேர். நாலு போத்தல் விளக்கு. நான் உடைந்த ஓட்டுக்குத் தகரம் போட்டேன், பனையில் ஏறி இறகைச் சுற்றாதபடி கட்டிவிட்டேன். காற்று நன்றாக அடிக்கிறது. அடிக்கட்டும்.

02.07.1993 வெள்ளி

எட்டுப் பேர். எட்டு விளக்கு. இருமல் எழுபதுக்கு மேல். எண்ணுவதை விட்டுவிட்டேன்.

05.07.1993 திங்கள்

கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் சோக்கட்டியோடு கீழே இருந்துவிட்டாள். உதடு நீலம். ஒரு சொல் வரவில்லை. என் கையைப் பிடித்த பிடியில் நகம் இறங்கியது.

அடைக்கலம் அண்ணையும் நானும் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஒழுங்கைக்கு வந்தால், வாகனம் ஒன்றுமில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. மறித்தேன். நான் மாற்றிக் கொடுத்த மோட்டார் சைக்கிள். ஏற்றினால் மானிப்பாய்வரை அந்தப் புகை அவள் மூக்கில். ஏற்றாவிட்டால்? முருகா. அவளுடைய சீலைத் தலைப்பை நனைத்து மூக்கில் கட்டி, நடுவில் இருத்தி, நான் பின்னால் ஏறிப் பிடித்துக்கொண்டேன்.

சாகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். வழி முழுக்க அதையேதான் நினைத்தேன்.

06.07.1993 செவ்வாய்

இருக்கிறாள். கதைக்கிறாள். முதல் கேட்டது, "பெடியள் வீட்டை ஒழுங்காய்ப் போச்சினமோ?"

டொக்டர் மார்கிரட் என்னை வெளியே கூப்பிட்டார். "இன்னொருக்கா இப்பிடிக் கொண்டுவந்தால் நான் ஒண்டும் செய்யேலாது. விளங்குதே?"

விளங்குது.

08.07.1993 வியாழன்

ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் பெற்றாரைக் கூப்பிடச் சொன்னவள் லட்சுமிதான். கட்டிலில் சாய்ந்திருந்தபடி கதைத்தாள். வகுப்பு நடக்கும், போத்தல் விளக்கு நடக்காது, காற்று லைற்தான், விருப்பமில்லாதவை பிள்ளையை மறிக்கலாம், ஒரு குறையும் இல்லை.

நான் எழும்பினேன். சுவிச்சை நிப்பாட்டாமல் விட்டது நான்தான், பிள்ளைகள் இல்லை என்றேன். பாலேஸ்வரியைப் பார்த்துக் கத்தினதும் பிழை என்றேன்.

தம்பிராசாதான் கடைசியில் கதைத்தார். "வெளிச்சம் வேணும் ஐயா. ஆனா ஏத்தினாப் பிறகு நீர் உள்ளை இருக்கக் கூடாது. வகுப்பு முடியுமட்டும் வெளியிலை நிண்டு வீட்டைச் சுத்திப் பாரும். ஒரு பொட்டுத் தெரிஞ்சாலும் வயரை இழும்."

ஓம் என்றேன்.

09.07.1993 வெள்ளி

பனையில் ஏறி இறகை அவிழ்த்துவிட்டேன். ஹோலில் மூன்று பல்ப்பை வைத்துக்கொண்டு மற்ற எல்லாப் பல்ப் கூட்டையும் கழற்றினேன். எல்லாச் சுவிச்சையும் ஓஃப் பண்ணி மேலே பிளாஸ்ரர் ஒட்டினேன். லட்சுமி ஒவ்வொரு அறையாக வந்து பார்த்தாள். "லைன்மன் வேலை பழகியிட்டியள்" என்றாள். கிண்டல்தான். நல்லாயிருந்தது.

மண்ணெண்ணெய் மாற்ற வந்த இரண்டு பேரைத் திருப்பி அனுப்பினேன். இனிச் சைக்கிள் திருத்தலாம். மண்ணெண்ணெய் ஊறின அந்தச் சேட்டை எரித்தும் விடலாம், ஆனால் அதுவும் புகைதானே. கிடங்கு வெட்டித் தாட்டேன்.

05.08.1993 வியாழன்

நல்லூர்த் திருவிழா நடக்கிறது. நான் போகவில்லை. ஆறரையிலிருந்து எட்டரைவரை வீட்டைச் சுற்றுகிறேன். இன்று இரண்டு தடவை ஹெலி. இரண்டு தடவையும் வயரை இழுத்தேன். இருட்டுக்குள் இருந்து லட்சுமியின் குரல் மட்டும் கேட்டது, கணக்கை நிறுத்தவில்லை.

பாலேஸ்வரிக்கு மாக்கட்டு வெட்டியாயிற்று. விரல் முழுக்க மடியவில்லை. பேனையில் துணி சுற்றித் தடிப்பாக்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, "அண்டைக்கு நான் சுவிச்சிலை கை வைக்கேல்லை ஐயா" என்றாள்.

"தெரியும் மோனை" என்றேன்.

இருமல் ஒன்பது.

31.08.1993 செவ்வாய்

பரீட்சை முடிந்தது. பதினொரு பேரும் எழுதினார்கள். பாலேஸ்வரி ஒரு வினாத்தாளில் கடைசிக் கணக்கை முடிக்கவில்லையாம், கை உளைந்ததாம். செய்முறை வாயால் சொன்னாள், சரியாம். லட்சுமி வந்து எனக்குச் சொல்லிவிட்டு அழுதாள். நான் பின்வளவுக்குப் போய்விட்டேன்.

20.09.1993 திங்கள்

பரீட்சை முடிய நிப்பாட்டுறன் என்று சொன்னவள், புதிதாக ஒன்பது பேரைச் சேர்த்துவிட்டாள். நான் போய்ப் பற்றறியைத் துடைத்து வைத்தேன்.

13.10.1993 புதன்

மூன்று நாளாகச் சோளகம் இல்லை. இறகு அப்படியே நிற்கிறது. பற்றறி இறங்கிவிட்டது. இனி வாடைக் காற்றுதானாம், அதற்கு ஒரு மாதம் செல்லும் என்று அடைக்கலம் அண்ணை வானத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

வகுப்பில்லை என்று பிள்ளைகளை அனுப்பினாள். பிறகு குசினியில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். ஜாம் போத்தல்களை இறக்கி வைத்துக் கழுவிக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்க்கவில்லை. "ஒரு மாசம்தானே" என்றாள்.

14.10.1993 வியாழன்

விடியவே பனையில் ஏறி டைனமோவை இறக்கினேன். இந்தமுறை கால் நடுங்கவில்லை.

15.10.1993 வெள்ளி

பின்பக்கத் தாழ்வாரத்தில் சைக்கிளை இறுக்கிக் கட்டி, டைனமோவைச் செயினில் கொழுவினேன். வீட்டைச் சுற்றிப் பார்க்கிற வேலை அடைக்கலம் அண்ணைக்கு. அவர் வெளியே நின்று "சரி" என்றதும் ஏறி இருந்தேன்.

ஆறரையிலிருந்து எட்டரைவரை. நாற்பத்தாறு வயதுக் கால். ஒருமுறையும் நிற்கவில்லை. எனக்குக் கணக்குத் தெரியாதது ஒரு வகையில் நல்லது, யோசிக்க ஒன்றுமில்லை. உள்ளே அவள் கதைக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

இருமல் நாலு. அதில் மூன்று என்னுடையது.